முதுகில் வைத்த கை

முதல் நாள் அரிக்கவே இல்லை. அதனால்தான் ஏமாந்தேன். முதுகு எரிந்தது, கொதித்தது, புடவை பட்டால் சுரீர் என்றது. ஏரியில் வேலை செய்கிறவளுக்கு முதுகு எரியாமல் குளிருமா என்று நானே என்னைக் கேலி செய்துகொண்டு குப்புறப் படுத்துவிட்டேன்.

நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுக்காரி. ஏரியில் இறங்கி இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடிக்கிற குடும்பம். எனக்கு எழுத்து தெரியாது. சொல்வது நான், எழுதுவது என் மகன். கோட்டைக்குள் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) துணிக்கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி எழுதுகிற வேலை அவனுக்கு. என் பேச்சைச் சீவிச் சிங்காரித்து எழுதிக்கொள்கிறான். போகட்டும். மனிதர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விடு, அதில் கை வைத்தால் உனக்குச் சோறு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.

வெயிலில் வெந்த தோல் அரித்து அரித்து, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எங்காவது யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் அந்தச் சித்திரை மாதம் முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து, நான் வீட்டுக்குள்ளேயே கிடந்த காலம் அது. பெண் குழந்தை. செல்லி என்று பெயர். அவள் பிறந்த அதே மாதத்தில் என் நாத்தனார் வீரம்மாவுக்கும் பிள்ளை பிறந்தது. வீரம்மா என் புருஷன் ஏழுமலையின் தங்கை. ஏரிக்கு நடுவிலுள்ள பசியாவரம் தீவில் கட்டிக்கொடுத்திருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். அவளுடைய குழந்தை தங்கவில்லை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அவள் தீவுக்குத் திரும்பாமல் எங்களோடேயே இருந்துவிட்டாள். அவளுக்குப் பால் மட்டும் நிற்கவில்லை. செல்லி அழுதால் எனக்கு முன்னால் அவள் மார்பு நனையும். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவேன். அவளும் எழுந்து போய்விடுவாள்.

பிள்ளை பெற்றவள் மறுபடியும் ஏரியில் இறங்கும் முதல் நாள் எலுமிச்சம்பழம் தேய்த்து அனுப்புவது எங்கள் வழக்கம். பால் வாடை தண்ணீரில் பட்டால் கெளுத்தி மீன் தேடி வந்து முள்ளால் குத்தும் என்பார்கள். புருஷனோடு கூடப்பிறந்தவள்தான் தேய்க்க வேண்டும். கை, கால், மார்பெல்லாம் தேய்த்து முடித்துக் கடைசியில், சாறு வழியும் உள்ளங்கையை நடுமுதுகில் அழுத்தி, “போய் வா” என்று தள்ளிவிட வேண்டும். போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

வீரம்மா தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். “போய் வா அண்ணி” என்று அவள் தள்ளியபோது எனக்கு ஒரு தடுமாற்றம் வந்தது. திண்ணென்று ஒரு தள்ளு. திரும்பிப் பார்க்க நினைத்தேன். வழக்கம் கெடுமே என்று பார்க்காமல் போனேன். உள்ளே செல்லி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொள்வோம். பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் போவோம். சிக்கிய இறாலை வாய்க்கு நேரே தூக்கிப் பறிக்குள் போட வேண்டும். வயிறும் மார்பும் தண்ணீருக்குள் இருக்கும். முதுகு மட்டும் மேலே, வெறும் முதுகாக, வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று இறால் நிறையக் கிடைத்தது. ஆசை விடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கும்வரை கரையேறவில்லை.

மறுநாள் காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கியது. அதற்கு அடுத்த நாள் காலையில் மாமியார் என் முதுகிலிருந்து புடவையை விலக்கிப் பார்த்தாள். நான் அவளை அத்தை என்பேன். பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம்.

“இன்னா அத்தை? இன்னா இருக்குது?”

“பேசாதே. அசையாதே. அம்மா வந்துக்கீறா.”

“அம்மையா? எனக்கா?”

“முத்து முத்தா போட்டுக்கீறா. அதுவும் சும்மா போடலடி. கைய வச்சிக்கீறா. அஞ்சு வெரலும் தெரியுது.”

முதுகு என் முதுகு, ஆனால் நான் பார்க்க முடியாது. ஊரில் எல்லோரும் பார்க்கலாம். யாரோ எனக்குப் பின்னால் நின்று என்மேல் கை வைத்திருக்கிறார்கள், எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அப்போது உள்ளே போனதுதான்.

அம்மை வந்த வீட்டில் கைப்பிள்ளை இருக்கக் கூடாது. நான் வாய் திறப்பதற்குள் அத்தை முடிவு சொல்லிவிட்டாள். வீரம்மாவுக்குப் பால் இருக்கிறது, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பசியாவரத்துக்குப் போகட்டும். அம்மா இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு கொண்டுவரலாம். வாசலில் கட்டிய வேப்பிலைக் கொத்துக்கு அந்தப்புறமாக வீரம்மா செல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. “பத்திரமா பாத்துக்கறேன் அண்ணி” என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. தோணி கிளம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அன்று மத்தியானம்தான் அரிப்பு தொடங்கியது.

அரிப்பு என்றால் கொசு கடித்த அரிப்பை நினைக்காதீர்கள். தினவு (அடங்காத அரிப்பு) என்று வைத்தியர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லும் போதாது. தோலுக்கு மேலே ஒன்றும் இல்லை. தோலுக்கு அடியில், எலும்புக்கு மேலே, கட்டெறும்புகள் சாரை சாரையாக ஓடி ஓடிக் கடித்தன. சொறிந்தால் அவை உள்ளே போய் இன்னும் ஆழத்தில் கடிக்கும். நான் தரையில் புரண்டேன், கதவு நிலையில் முதுகைத் தேய்த்தேன், என் தலைமுடியை நானே பிடித்து இழுத்தேன். பிரசவ வலியில்கூட நான் கத்தவில்லை. இதில் கத்தினேன். வலிக்கு நடுவே மூச்சு விட இடம் உண்டு. இதில் இல்லை.

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் தண்ணீர். கெளுத்தி குத்தினாலும், சொறி மீன் சுட்டாலும் ஏரித் தண்ணீரையோ ஏரிச் சேற்றையோதான் போடுவோம். ஏரியில் பிறந்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? அத்தை ஈரத்துணியைப் பிழிந்து முதுகில் போட்டாள். போட்ட கணம் குளிர்ச்சி. மறுகணம் எறும்புகள் ஆயிரம் மடங்காயின. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். அத்தை பயந்துபோய் மேலும் மேலும் வேப்பிலை ஊறிய தண்ணீரைத் தெளித்தாள். நான் “வேணாம் வேணாம்” என்று காலில் விழுந்தேன். அம்மா கோபமாக இருக்கிறாள் என்று அத்தை இன்னும் கொஞ்சம் தெளித்தாள். அன்பாகத்தான் செய்தாள். அவள் அன்பில் நான் வெந்தேன்.

எண்ணெய் கூடாது. தாளிதம் கூடாது. மருந்து கூடவே கூடாது. அம்மாவுக்கு மருந்து போட்டால் குடும்பம் விளங்காது.

பொழுது என்ற ஒன்று எனக்கு உடைந்துபோயிற்று. ஏரிக்கு அந்தப்புறம் கோட்டையில் மணல் கடிகையைத் திருப்பும்போதெல்லாம் காவல்காரன் மணி அடிப்பான். பிறந்தது முதல் கேட்ட மணி. அதுவரை காதில் விழுந்ததே இல்லை. இப்போது அதைப் பிடித்துக்கொண்டேன். இந்த மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் நகம் படாமல் இருப்பேன் என்று சபதம். முதலில் தோற்றேன். பிறகு ஒரு தடவை ஜெயித்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: நாளைக்குச் சரியாகுமா என்று யோசிக்காதீர்கள். அடுத்த மணிவரை இருங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிக்கிற இடத்தைக் கிள்ளாமல், உலர்ந்த உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். எனக்கு அழுத்த ஆள் இல்லை. சுவரில் சாய்ந்து அழுத்திக்கொண்டேன்.

இதற்கு நடுவில் பெண்கள் வந்தார்கள். அம்மன் கை தெரிகிறது என்று ஊர் பூராவும் பரவிவிட்டது. நான் குனிந்து உட்கார வேண்டும். பின்னால் நின்று பார்த்து, கும்பிட்டு, மஞ்சளை வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி “பெருசா கீது கை” என்றாள். இன்னொருத்தி “தள்ற மாதிரி கீது” என்று கிசுகிசுத்தாள். தள்ளுகிற மாதிரி. அவர்கள் போன பிறகும் அந்தச் சொல் அறைக்குள்ளேயே இருந்தது. கண்ணை மூடினால் நான் குழந்தையோடு ஏரியின் ஆழத்துக்கு நடப்பது போலவும், பின்னாலிருந்து ஒரு கை மெல்லத் தள்ளுவது போலவும் தோன்றும். வீரம்மாவின் செத்த பிள்ளை ஞாபகம் வரும். அந்தப் பிள்ளைக்காகத்தான் அம்மா என் பிள்ளையைக் கேட்கிறாளோ என்று நினைப்பு ஓடும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

அம்மை முத்து என்றால் காய்ந்து உதிர வேண்டும். எனக்குக் கொப்புளம் (தோலுக்கு அடியில் நீர் கோத்த வீக்கம்) வற்றியது, தழும்பு உதிரவில்லை. சிவப்பு போய்க் கறுப்பு ஏறியது. நாளுக்கு நாள் கை தெளிவாகத் தெரிந்ததாம். தண்ணீர் ஊற்றும் பேச்சை எடுத்தாலே அத்தை தலையை ஆட்டுவாள்.

“அம்மா இன்னும் கையெடுக்கல. கையெடுக்காம தண்ணி ஊத்த முடியாது.”

“பாப்பாவயாவது ஒரு தரம் காட்டு அத்தை. தூரமா நின்னு பாக்கறேன்.”

“பைத்தியமாடி உனுக்கு? பச்சப்புள்ள.”

என் மார்பில் பால் கட்டிக்கொண்டு (பால் தேங்கி இறுகுவது) கல்லானது. கொட்டாங்கச்சியில் பீய்ச்சி வேப்பமரத்தடியில் ஊற்றினேன். முதலில் கொட்டாங்கச்சி நிறைந்தது. பிறகு பாதி. பிறகு அடியை மறைக்கும் அளவு. பால் நின்றுவிட்டால் செல்லி என்னிடம் எதற்குத் திரும்ப வேண்டும்? வீரம்மாவிடம் பால் இருக்கிறது. வீரம்மாவிடம் பிள்ளையும் இருக்கிறது. முத்து உதிராத என்னிடம் ஒரு கை மட்டும் இருக்கிறது.

ஏழுமலை பேசாத ஆள். அவன் வாயிலிருந்து சொல் வாங்குவதைவிட நண்டின் வாயிலிருந்து விரலை எடுப்பது சுலபம். அவன் ஒரு நாள் மத்தியானம், அத்தை கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊரே வெயிலுக்குப் பயந்து உள்ளே கிடந்தது. வந்தவர் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் இருக்கும் ஹக்கீம் (யுனானி வைத்தியர்). கோட்டைச் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் அவரிடம்தான் போவார்கள்.

வேப்பிலையைத் தாண்டி அவர் உள்ளே வரத் தயங்கினார். “வாங்க பாய், பரவால்ல” என்று ஏழுமலை சொன்னான். வேப்பிலைக் கொத்தைத் தானே ஒதுக்கிப் பிடித்தான். குடும்பம் விளங்காது என்பதை நம்புகிறவன்தான் அவனும்.

ஹக்கீம் தொடவில்லை. ஓலைக்கூரையின் ஓட்டையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் என்னை உட்காரச் சொல்லி நெடுநேரம் பார்த்தார்.

“காய்ச்சல் எப்ப வந்துச்சு மகளே? முத்து வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி ஒரு நாளு. வெயில்ல வேல செஞ்சிட்டு வந்தேன்.”

“முகத்துல, வாயில, உள்ளங்கால்ல எங்கயாச்சும் இருக்கா?”

“இல்ல. முதுகுல மட்டும்தான்.”

“தண்ணி பட்டா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. “தண்ணி பட்டா செத்துடலாம்போல இருக்குது பாய்.”

“தெரியும். கோட்டையில புதுசா வந்து எறங்குற வெள்ளத்தோலுப் பசங்க சட்டையக் கழட்டிப்போட்டு வெயில்ல நிப்பானுங்க. ரெண்டு நாள் கழிச்சு இதே தினவோட ஓடி வருவானுங்க. ஒருத்தன் கெணத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதான். இது அம்மை இல்ல. வெயில் சுட்ட புண்ணு. ஆனா உன் தோலுக்கு வெறும் வெயில் இந்தக் கறுப்பத் தராது. முதுகுல யாராச்சும் எதையாச்சும் தடவுனாங்களா?”

நானும் ஏழுமலையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“எலுமிச்சம்பழம்” என்றான் ஏழுமலை.

ஹக்கீம் தாடியைத் தடவினார். “கப்பல் மேல்தட்டுல உக்காந்து எலுமிச்சம்பழம் புழியற ஆளுங்க இருக்கானுங்க. அவனுங்க கையில இதே மாதிரி கொப்புளம், இதே கறுப்பு. சாறும் வெயிலும் சேந்தா தோல் வெந்துபோகும்.”

“எங்க பொம்பளைங்க எல்லாரும்தான் தேச்சிக்கறாங்க பாய். எனக்கு மட்டும் ஏன்?”

“நீ மாசக்கணக்கா வீட்டுக்குள்ள கெடந்த தோல வெச்சிக்கிட்டு, சித்திரையில போய் எறங்கியிருக்க. மத்தவங்க மழைக்காலத்துல எறங்கியிருப்பாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தேச்சவங்க கையப் பாருங்க. அவங்களும் வெயில்ல நின்னிருந்தா அங்கயும் இருக்கும்.”

தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி, புதினாவிலிருந்து வடித்த தைலம் சில துளி சேர்த்த மர்ஹம் (களிம்பு) ஒன்றைக் கொடுத்தார். தண்ணீர் படாமல், ஈரம் இல்லாமல், மெல்லத் தடவச் சொன்னார். ஏழுமலை அன்றைக்கே தடவினான். முதல் தடவையாக எறும்புகள் நின்றன. போகவில்லை, நின்றன. அது போதும். நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது அவன் இன்னும் பின்னால்தான் இருந்தான். கேட்டேன், “எப்படிய்யா கீது அந்தக் கை? யாரும் எனுக்குச் சரியா சொல்லல. நீ சொல்லு.”

“கை மாதிரி கீது.”

“அது தெரியும். வெரலு?”

அவன் விரலால் காற்றில் வரைந்து பார்த்தான் போலிருக்கிறது. “நாலு வெரலு சேந்தாப்பல கீது. சுண்டு வெரலு மட்டும் கோணிக்கினு தனியா வெளிய நிக்குது.”

வீரம்மாவின் சுண்டு விரலைச் சிறு வயதில் ஒரு பெரிய நண்டு முறித்துவிட்டது. சேர்ந்த பிறகும் அது வெளிப்பக்கம் கோணியே நின்றது. சோறு பிசையும்போதுகூட அது தனியாகத்தான் இருக்கும்.

மறுநாள் அவன் பசியாவரத்துக்குத் தோணி தள்ளினான். நான் வாசலில் புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறும் தோணியோடு திரும்பி வந்தான்.

“பாப்பா?”

“நல்லா கீது. கொழுகொழுனு கீது.”

“ஏன் கொண்டாரல?”

“வீரம்மா கையில துணி சுத்திக்கினு கீறா. வலைக்கயிறு அறுத்துடுச்சுன்னா. அவுத்துக் காட்டுன்னேன். ‘அம்மா கையெடுக்காம புள்ளயக் குடுத்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பொறுப்பா அண்ணா’ன்னு கேட்டா. நான் இன்னா சொல்றது?”

எனக்கு வந்த கோபத்தில் அவனைத் திட்டினேன், வீரம்மாவைத் திட்டினேன், ஹக்கீம் சொன்னதைக் கேட்டு “துலுக்க வைத்தியர் சொன்னா அம்மா போயிடுவாளா” என்று குதித்த அத்தையைத் திட்டினேன். திட்டி முடித்தபோது மார்பைப் பிழிந்து பார்த்தேன். நுனியில் ஒரு சொட்டு வந்து நின்றது. விழக்கூட இல்லை.

அடுத்த நாள் காலை, ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இறங்குகிற நேரத்தில், அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் வேப்பிலைக் கொத்தைத் தாண்டி வெளியே வந்தேன். அவள் அலறினாள். ஏழுமலையின் கெட்டித் துணியை முதுகுக்குப் போர்த்திக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். ஏழுமலை விடியுமுன்பே தோணியோடு போய்விட்டான். அம்மை வந்தவளைத் தோணியில் ஏற்ற வேறு யாரும் துணியமாட்டார்கள். நடக்கிற ஆழம்தான் முக்கால்வாசி. நடுவில் ஒரு ஓடை மட்டும் கழுத்துக்கு வரும்.

அந்த ஓடையில் துணி நனைந்தது. களிம்பு கரைந்தது. உப்புத் தண்ணீர் முதுகில் ஏறியதும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. நான் தண்ணீருக்குள் வாயைத் திறந்து கத்தினேன். அதில் சத்தம் வராது. கால் சேற்றில் புதைந்தது. அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றேன். பின்னாலிருந்து அந்தக் கை தள்ளியது. நிஜமாகத் தள்ளியது. ஆழத்துக்கா, கரைக்கா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தள்ளிய பக்கம் நடந்தேன். கரை வந்தது.

வீரம்மா குடிசைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் செல்லி பால் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வீரம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். வழியெல்லாம் பல்லில் கடித்துக்கொண்டு வந்த வசவு என் நாக்கு நுனியில் இருந்தது.

அப்போது அவள் கையைப் பார்த்தேன். துணியை அவிழ்த்து வைத்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. புறங்கையில் நகத்தால் கீறிக் கீறிப் புண்ணாகி, புண்மேல் புண். சுண்டு விரல் வீங்கி இன்னும் கோணலாக நின்றது. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை மணலில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மணலில் அந்தத் தடம் இருந்தது.

வசவு வரவில்லை. வேறொன்று வந்தது.

“உனுக்கும் அரிக்குதா?”

அவள் முகம் உடைந்தது. “அரிக்குது அண்ணி. தாங்க முடில.”

“எப்போலேந்து?”

“உனுக்கு எப்போலேந்தோ, அப்போலேந்துதான்.”

“தண்ணி ஊத்துனியா?”

“ஊத்துனேன். இன்னும் அதிகமாச்சு. யார்கிட்ட சொல்றது? சொன்னா…” அவள் செல்லியின் தலையைப் பார்த்தாள். “சொன்னா பாப்பாவ வாங்கிக்குவீங்க.”

நான் கூச்சல் போட்டாவது அரிப்பைத் தாங்கினேன். ஊர் வந்து என்னைக் கும்பிட்டது. இவள் வாயை மூடிக்கொண்டு, யாரும் பார்க்காமல், மணலில் கையைத் தேய்த்து அதே அரிப்பைத் தாங்கியிருக்கிறாள். ஒரு பிள்ளையைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வதற்காக. கோபம் இல்லாமல் போகவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

முதுகுத் துணியை அவிழ்த்தேன். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

“வை.”

“இன்னா அண்ணி?”

“கைய வை. எங்க வச்சியோ அங்கயே வை.”

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. செல்லி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வந்தது. உலர்ந்த, மணல் ஒட்டிய, சூடான கை. நாலு விரல் சேர்ந்து, ஒன்று தனியாக. அது தழும்பில் போய்ப் படிந்ததை என் தோல் சொன்னது. அவள் அழுத்தினாள். அரிப்பு நின்றது. அவளுக்கும் நின்றதாகப் பிறகு சொன்னாள். ஏரி நடுவில் அந்தக் குடிசைக்குப் பின்னால் இரண்டு பேரும் அழுதோம். அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடு என்று சொல்லவில்லை.

அன்றே மூன்று பேரும் வீரம்மாவின் புருஷனுடைய தோணியில் தோணிரேவுக்குத் திரும்பினோம். அத்தைக்கு முன்னால் வீரம்மா மறுபடியும் என் முதுகில் கையை வைத்துக் காட்டினாள். ஒரு விரல் பிசகவில்லை. அத்தை அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லையே! “அம்மாதான் என் பொண்ணு கையில வந்து உக்காந்துக்கீறா” என்றாள். உட்கார்ந்தால் உட்காரட்டும். தண்ணீர் ஊற்றினாள் அல்லவா, அது போதும். ஹக்கீம் சொன்னதாகக் கெஞ்சி, முதுகில் படாமல் தலைக்கு மட்டும் ஊற்றவைத்தேன்.

செல்லி என் மார்பில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீரம்மாவின் வாசனைக்குக் கையை நீட்டினாள். அந்த வேதனையை நான் மூடி மறைக்கவில்லை, அழுதேன். பிறகு வீரம்மாவை எங்கும் போகவிடவில்லை. முதலில் அவள் கொடுப்பாள், பாதியில் நான் வாங்கிக்கொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் ஊறியது. சாயங்காலங்களில் அவள் என் முதுகுக்குக் களிம்பு தடவுவாள், நான் அவள் கைக்குத் தடவுவேன். மழைக்காலம் முடியும்வரை ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்.

பிறகு அவள் புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போனான். அடுத்த வெயில் காலத்தில் பசியாவரத்தில் நிஜமாகவே அம்மை வந்தது. தோணிகளை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கரையில் நின்று புகையைப் பார்த்தோம். வீரம்மா போய்விட்டாள் என்று தண்ணீரில் நின்றபடியே ஒருவன் கத்திச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். செல்லி அப்போது நடக்கப் பழகியிருந்தாள்.

இதை எழுதுகிறவன் இங்கே ஓலையைக் கீழே வைத்துவிட்டான். வீரம்மா அவனுக்கு, அவன் பிறப்பதற்கு முன்பே போன அத்தை. எழுது என்று சொன்னேன்.

குணமானேனா என்று கேட்பீர்கள். ஆனேன். தழும்பு அந்த வருஷமே மங்கியது. இப்போது முதுகில் ஒன்றும் இல்லை என்று ஏழுமலை சொல்கிறான், செல்லியும் பார்த்துவிட்டு அதையே சொல்கிறாள். உங்களுக்கும் மங்கும். தோல் மறந்துவிடும். ஆனால் எனக்கு வருஷம் பங்குனியிலோ சித்திரையிலோ தொடங்குவதில்லை. ஒரு வெயில் நாளில், கோட்டை மணி அடித்து ஓய்ந்ததும், நடுமுதுகில் அரிப்பு மெல்லத் தொடங்கும். அன்றுதான் எனக்கு வருஷப் பிறப்பு. நாலு விரல் சேர்ந்து அரிக்கும். ஒன்று தனியாக அரிக்கும்.

“சொறிஞ்சி உடட்டுமாம்மா?” என்று செல்லி கேட்பாள்.

வேண்டாம் என்பேன். சொறிந்தால் வீரம்மா கையெடுத்துவிடுவாள்.